அது என் பாடம்

ஆத்தா,

பஸ் புறப்படுகிற நேரத்தில் நீ சட்டென்று குனிந்து, பெற்றவள் என் காலைத் தொட்டாய். "எனக்கு வர வேண்டிய பழியை நீ சுமந்துக்கிட்டியேம்மா" என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே ஏறிப் போனாய். ஜன்னல் வழியாகக்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். கூட நின்றவர்கள் தாய்மனசு, தாய்மனசு என்று ஆளுக்கு ஒரு தரம் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். டீச்சருக்குக் கூச்சம் என்று நினைத்திருப்பார்கள். எனக்குக் கூச்சம் உண்டுதான், அது ஊரறிந்த விஷயம். ஆனால் அன்றைக்கு நான் குனிந்தது அதற்காக இல்லை. அந்தக் கும்பிடு எனக்குச் சேராது. நீ கார்த்திகையில் போனாய், இப்போது மாசி. பாம்பன் பள்ளிக்கூடத்தில் கால் ஊன்றிவிட்டாய், உப்புத் தண்ணீரும் பழகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். இனிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நான் உன்னைக் காப்பாற்றவில்லை. உன்னுடைய ஒன்றை எடுத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கவும் எனக்கு மனசில்லை.

நீ கேள்வியோடு பிறந்தவள். சுதந்திரம் வந்த வருஷம் உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். அப்போது ஒன்றாம் வகுப்புக்கு நான்தான் டீச்சர். மழை எதற்குச் சாய்ந்து பெய்கிறது, ஆட்டுக்கு மேல்வாயில் முன்பல் ஏன் இல்லை என்று பாடத்துக்கு நடுவில் எழுந்து நிற்பாய். மற்றப் பிள்ளைகள் முன்னால் எனக்குப் பதில் வராது. "வீட்டுல கேளு" என்பேன். வீட்டில் அடுப்பு எரியாமல் நான் ஊதிக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து வந்து நிற்பாய். "பள்ளிக்கூடத்துல கேளு" என்பேன். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, கண்மாய்க் கரையில் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தி, "அம்மா, இங்கன கேக்கலாமா?" என்றாய். உன் அய்யா இதை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அன்றைக்கும் நான் உனக்குப் பதில் சொல்லவில்லை என்பதை அவர் கதையில் சேர்க்கமாட்டார்.

என் படிப்பு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் யாரும் கிடையாது. பயிற்சி முடித்து வேலைக்கு வந்த பிறகு, வீட்டிலிருந்தே படித்து பி.ஏ. எழுதினேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. புரிந்ததோ இல்லையோ, பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தேன். நெல் அவிக்கும்போதும், மாட்டுக்குத் தவிடு கலக்கும்போதும் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். எனக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். அப்படி விழுங்கிப் படித்துத்தான் 'பி.ஏ. டீச்சர்' ஆனேன். உயர்நிலைப் பள்ளியில் கூப்பிட்டும் நான் போகவில்லை. மீசை அரும்பின பையன்கள் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்றுகொண்டேன். எனக்குத் தெரிந்த வழியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மாகாணி, அரைக்கால், கால், அரை, முக்கால் என்று என் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் ஒரு தொண்டைபோல் கேட்கும். இன்ஸ்பெக்டர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டியிருக்கிறார். அந்தச் சத்தத்துக்கு மேல் ஒரு வகுப்பில் வேறு என்ன வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை.

எனக்குக் காமாலை கண்டு படுத்தபோது, பயிற்சி முடித்து வேலை உத்தரவுக்குக் காத்திருந்த நீ, ஹெட்மாஸ்டரிடம் கேட்டு என் வகுப்பை எடுத்துக்கொண்டாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கீழாநெல்லியும் மோருமாகக் கிடந்து கொஞ்சம் நடமாட்டம் வந்ததும், உனக்குச் சோறு கொண்டுவருகிற சாக்கில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்தேன். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள், உன்னால் அடக்க முடியவில்லை என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அப்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. வேகமாக வந்து ஜன்னலோரம் பூவரச மரத்தடியில் நின்று எட்டிப் பார்த்தேன். புத்தகம் மூடிக் கிடந்தது. கரும்பலகையில் 'பங்கு' என்று ஒரே ஒரு சொல். உன் கையில் ஒரு கருப்பட்டி வட்டு. இதை நாலு பேருக்குப் பங்கு வைக்க வேண்டும், எப்படி வைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். நாலும் ஒரே அளவு என்று ஒருத்தன். உடைத்துக் கொடுக்கிறவனுக்குச் சின்னதுதான் வரவேண்டும், இல்லாவிட்டால் கள்ளத்தனம் பண்ணுவான் என்று இன்னொருத்தன். எங்கள் வீட்டில் அம்மாவின் பங்கு பானையின் அடிதான், அப்படியென்றால் அதுவும் பங்கா என்று ஒரு பெண். களத்தில் நெல் அளக்கும்போது கோயிலுக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு என்று எடுத்து வைப்பதைச் சொன்னார்கள். நீ எதற்கும் சரி, தப்பு என்று சொல்லவில்லை. "அப்ப பங்குன்னா என்னன்னு சொல்லலாம்?" என்று திரும்பத் திரும்ப அங்கேயே கொண்டுவந்து விட்டாய்.

அப்போதுதான் ராக்காயி எழுந்தாள். கருவாடு விற்கிறவள் மகள். தகப்பன் தொண்டிப் பக்கம் அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறவன். என் வகுப்பில் அவள் வாய் திறந்தது கிடையாது. வாய்ப்பாட்டுக்குக்கூட உதட்டை மட்டும் அசைப்பாள். நானும் அவளைக் கேள்வி கேட்டதில்லை. அவள் என்னைப் போன்றவள், அவளை அவள் பாட்டுக்கு விடுவதுதான் நான் அவளுக்குச் செய்கிற நன்மை என்று நினைத்திருந்தேன். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் எனக்கே எனக்கானவள் என்றும் உள்ளுக்குள் ஒரு எண்ணம். அவள் எழுந்து, எல்லாருக்கும் கேட்கிறமாதிரி உன்னிடம் கேட்டாள்: "அக்கா, மீனைக் கூறு வைக்கயில படகுக்கு ஒரு பங்கு எடுத்து வைக்காகல்ல? படகு சோறு திங்காதே. அதுக்கு எதுக்குப் பங்கு?"

நீ சிரித்துவிட்டு, "எனக்குத் தெரியாது ராக்கு. உங்க அய்யா வந்தா கேட்டுட்டு வா" என்றாய். தூக்குச்சட்டியை வாசலில் வைத்துவிட்டு, உன்னைக் கூப்பிடாமலே நான் திரும்பி வந்துவிட்டேன். உடம்பு முடியவில்லை என்று பிறகு உன்னிடம் சொன்னேன்.

பக்கத்து வீட்டுக்காரி சங்கிலி செய்துபோட்டால் வருகிற பொறாமை இரண்டு நாளில் ஆறிவிடும். இது வேறு. என் அடுப்பில், என் சட்டியில், இன்னொருத்தி குழம்பு வைத்து, என் வீட்டு மனிதர்களே இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அந்த இன்னொருத்தி நான் பெற்றவள் என்பதால் குறையும் என்று நீ நினைத்தால், குறையவில்லை. கூடத்தான் செய்தது. உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த பயிற்சிப் பள்ளி மிஸ் மேலும் எனக்கு வயிற்றெரிச்சல். "எங்க மிஸ் சொல்லுவாக" என்று நீ ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன், கவனித்திருக்கமாட்டாய். கல்வி கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். கல்வி குறையாமல் இருக்கலாம். பிள்ளைகள் குறைவார்கள். நான் வேலைக்குத் திரும்பிய அன்றைக்கு வகுப்புக்குள் நுழைந்ததும், அத்தனை முகமும் எனக்குப் பின்னால் நீ வருகிறாயா என்று வாசலைப் பார்த்தது.

அந்த வாரத்தில்தான் நீ மருத்துவச் சான்று வாங்க ராமநாதபுரம் போனாய். உத்தரவு இன்றோ நாளையோ என்று இருந்த நேரம். நீ அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் பெரிய அம்பலம் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். ஊரில் அவர் பேச்சை மீறி ஒன்றும் நடக்காது, அவருடைய வயல்கள் எல்லாம் தலைமடையில், மடை திறந்தால் முதலில் நனைவது அவை, நமது வயல் கடைமடையில், எல்லாரும் பாய்ச்சி மிஞ்சினால் நமக்கு என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். அவருடைய கடைசி மகள் வள்ளி, உன் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். கோடையில் கண்மாய்க் கரைக்கு மண் போடும்போது வீட்டுக்கு ஓர் ஆள் என்று எல்லாரும்தானே சுமக்கிறோம், கடைமடைக்காரரும் அதே கூடைதானே சுமக்கிறார், தண்ணீரில் மட்டும் ஏன் அவருக்குக் கடைசிப் பங்கு என்று, பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் தகப்பனைக் கேட்டுவிட்டாள்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் பயந்திருப்பேன். வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார்: "டீச்சரம்மா, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுங்கன்னு அனுப்புனா, கண்மாயைக் கூறு போடச் சொல்லிக் குடுத்திருக்கீக. உங்க வயலு கடைமடைதான?" ஹெட்மாஸ்டர் பதறிப்போய், அது டீச்சர் நடத்தினதில்லை, அவுக பொண்ணு, புதுசு, விவரம் தெரியாத பிள்ளை என்றார். "அப்படியா? அந்தப் பொண்ணுக்கு உத்தரவு வரணும்ல. ராமநாதபுரத்து ஆபீசுல நமக்கு ஆள் இருக்கு. விவரம் தெரிஞ்ச பெறகு வரட்டும்னு சொல்லி வைக்கிறேன்" என்றார் அம்பலம், மிகவும் மரியாதையாக.

நான் வாய் திறந்தேன். "அது என் பாடந்தான். நான் படுத்திருக்கயில சொல்லி அனுப்புனேன், அவ வந்து நடத்துனா."

ஹெட்மாஸ்டர் உனக்குச் சொன்னது இவ்வளவுதான். இதைக் கேட்டுத்தான் நீ என் காலில் விழுந்தாய். உன் உத்தரவு நின்றுபோகக் கூடாது என்ற நினைப்பு எனக்குள் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் வந்தது அது இல்லை. 'அவுக பொண்ணு நடத்தினது' என்று ஹெட்மாஸ்டர் சொன்னபோது எனக்குள் சுருக்கென்றது. பழியில்கூட அந்தப் பாடம் உன் பேரில்தான் போகிறதே என்று பட்டது. என் பாடம் என்று சொன்னவுடன், இத்தனை நாள் நாக்கில் இருந்த காமாலைக் கசப்பு போய் ஒரு தித்திப்பு வந்தது. பொய் சொன்ன குறுகுறுப்பே இல்லை. இன்னொரு தரம் கேட்டால் இன்னொரு தரம் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு நடந்ததை ஹெட்மாஸ்டர் பார்க்கவில்லை. அவர் தன் அறைக்குள் போய்விட்டார். அம்பலம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "அப்படின்னா மிச்சத்தையும் நடத்துங்க டீச்சரம்மா. நானும் உக்காந்து கேக்குறேன். நமக்குத்தான் பள்ளிக்கூடமே வாய்க்கலையே" என்று நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு என் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தார்.

கரும்பலகையில் 'பங்கு' என்று எழுதினேன். பங்கு என்றால் என்ன என்று, வாய்ப்பாடு கேட்கிற அதே குரலில் கேட்டேன். முன்வரிசைப் பையன் ஒருத்தன் மெதுவாகச் சொன்னான்: "உங்களுக்குத் தெரியும்ல டீச்சர். பெறகு எதுக்குக் கேக்கீக? அக்கா தெரியாமத்தான் கேப்பாக."

பின்னால் அம்பலம் சிரிப்பது கேட்டது. எனக்குக் காது சுட்டது. யோசித்துப் பார்த்தால், பங்கு என்றால் என்ன என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. காலும் அரைக்காலும் தெரியும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. "எனக்கும் தெரியாது" என்றேன். இத்தனை வருஷத்தில் பிள்ளைகள் முன்னால் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. "பி.ஏ. படிச்சுமா?" என்றார் அம்பலம். பிள்ளைகள் சிரிக்கவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வாசலை யாரும் பார்க்கவில்லை.

ராக்காயி எழுந்தாள். தகப்பனிடம் கேட்டுவிட்டாளாம். உன்னிடம் சொல்லக் காத்திருந்தாள்போல. நீ இல்லாததால் என்னிடம் சொன்னாள். யார் யாருக்கு எத்தனை பங்கு என்று முதலில் விரல் விட்டுக் கணக்குச் சொன்னாள். பலகை விட்டுப்போனால், பாய் கிழிந்துபோனால், படகின் பங்கை வைத்துத்தான் சரிபண்ணுவார்களாம். படகு நன்றாக இருந்தால்தான் மற்றவர்களுக்குப் பங்கே கிடைக்குமாம். அதனால்தான் முதல் பங்கு அதற்கு. அவள் சொல்லி முடிக்கவில்லை, நான் கேட்டுவிட்டேன்: "அப்ப நம்ம கண்மாய்க்குப் பங்கு எது?"

ஆத்தா, அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது நீ கேட்டதில்லை. உன் மிஸ் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. என் வாயிலிருந்து வந்தது. வந்த பிறகு அதற்கு விடை தெரியாமல் நானும் பிள்ளைகளோடு நின்றேன். வகுப்பு இரைய ஆரம்பித்தது. நான் பூவரச மரத்தடியில் நின்று கேட்டேனே, அதே இரைச்சல். மழைத் தண்ணீர்தான் அதன் பங்கு என்றார்கள். நாம் சுமக்கிற மண்தான் என்றார்கள். கண்மாய்க்குப் பங்கே கிடையாது, அதுதான் பாவம், நாம்தான் அதைத் தின்கிறோம் என்று ஒருத்தி கிட்டத்தட்ட அழுதுவிட்டாள். அம்பலத்துக்குப் பொறுக்கவில்லை. தான் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டார். "ஏலே, மீனை விட்டுட்டீகளேடா. கண்மாய் மீன் ஏலம் போகுதுல்ல? எங்க பாட்டன் காலத்துல அதுலதான் மடைக்குக் கல்லு வச்சாக, கரைக்கு மண்ணு போட்டாக. அதுதான்டா கண்மாய்ப் பங்கு" என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பிள்ளைகள் அவரை, உன்னைப் பார்த்ததுபோல் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர்மேலும் பொறாமை வந்தது.

அப்போது வள்ளி கேட்டாள்: "இப்ப அந்த மீனு எங்கன போகுது அய்யா?"

அம்பலம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, நாளைக்கு வாய்ப்பாட்டை நடத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். உன்னைப் பற்றி அதற்குப் பிறகு அவர் எங்கேயும் பேசவில்லை. கோபத்தைத் தீர்த்துக்கொள்ள நான் இருந்தேன். உன் உத்தரவு வந்தது, நீ போனாய்.

நீ போன பிறகு நடந்ததையும் சொல்கிறேன். வேறு யார் வழியாவது தெரிந்து நீ அங்கே உட்கார்ந்து அழுவதைவிட இது நல்லது. தை மாதம் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் நம் வயலுக்கு முறைத் தண்ணீர் வரவில்லை. மடை திறந்துவிடுகிற நீர்பாய்ச்சி வந்து, மேலே இன்னும் முடியவில்லை என்று தலையைச் சொறிந்தார். அவர் என்ன செய்வார். பாதி வயல் பதராகப் போனது. உன் அய்யா வரப்பில் நின்று ஒரு கதிரை உருவி ஊதிப் பார்த்தார். எல்லாம் பறந்தது. "பி.ஏ. பாடம் நல்லாத்தான் விளைஞ்சிருக்கு. நெல்லுதான் விளையலை" என்றார். மறுநாள் அம்பலம் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்கவில்லை. இதை உன் கணக்கில் எழுதிக்கொள்ளாதே. உனக்காக இழந்தேன் என்று நினைத்து அங்கிருந்து நெல் அனுப்புவது, பணம் அனுப்புவது, இந்த வேலையெல்லாம் வேண்டாம். என் பாடம், என் வயல்.

பாடத்தை நான் நிறுத்தவில்லை. அம்பலம் சொன்னபடி காலையில் வாய்ப்பாடு நடத்துகிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சொல்லைப் பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். உனக்கு வருகிறமாதிரி வரவில்லை. சில நாள் ஒருத்தரும் பேசாமல் மணி அடித்துவிடும். வள்ளி இன்னும் வருகிறாள், அவள் அப்பா நிறுத்தவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. வாய்ப்பாட்டைப் பற்றி நீ அலட்சியமாகப் பேசுவாய், அதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, ஆளுக்கு அரை என்று ராக்காயி மளமளவென்று பிரித்துச் சொன்னாளே, அந்தக் கால், அரை எல்லாம் நான் போட்டது. அங்கேயும் வாய்ப்பாட்டை விட்டுவிடாதே. கையில் ஒன்றுமில்லாத பிள்ளை எதை வைத்து யோசிக்கும்? பேசாத பிள்ளைகளை நீ பேசவைப்பாய், தெரியும். ஆனாலும் ஒருத்தியையாவது கொஞ்ச நாள் அவள் போக்கில் விட்டு வை. நான் ராக்காயியை விட்டு வைத்திருந்ததால்தான் உன்னிடம் பேசினாள் என்று நான் நம்புகிறேன். சிரிக்காதே. ஊதைக்காற்றில் தலையை விரித்துப்போட்டு நடக்காதே. சக டீச்சர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் போ, என்னைப்போல் கூச்சப்பட்டுக்கொண்டு பட்டினி கிடக்காதே.

பங்குப் பாடத்தை அங்கே நடத்தப் போவதாக எழுதியிருக்கிறாய். எல்லாப் பிள்ளைக்கும் படகு தெரியும், வலை தெரியும், இங்கே நடந்ததைவிட நன்றாக வரும் என்று எழுதியிருக்கிறாய். நன்றாகத்தான் வரும். அந்த வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு உலையில் உப்புப் போட மறந்துவிட்டேன். நடத்திக்கொள். ஆனால் கண்மாய்க் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. அங்கே கண்மாய் கிடையாது, கடல்தான் என்று நீ சொல்வாய். அப்போது கடலுக்குப் பங்கு எது என்று உன் பிள்ளைகளில் ஒருத்தி கேட்பாள். நிச்சயம் கேட்பாள், எனக்கு இங்கிருந்தே காதில் விழுகிறது, இப்போதே பொறாமையாகவும் இருக்கிறது. அவர்கள் என்ன விடை சொன்னார்கள் என்று எழுது. இல்லை, எழுதாதே. சித்திரை லீவு இங்கே தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் புறப்பட்டு வர முடியுமா என்று பார். வந்து என் வகுப்பில் உட்கார். வாத்தியாராக இல்லை, பிள்ளைகளோடு தரையில். அவர்கள் உன் மேல் வந்து விழுவார்கள், பரவாயில்லை, அதையும் பார்த்துக்கொள்கிறேன். நான் பலகையில் ஒரு சொல் எழுதுவேன், அது என்ன என்று இப்போது சொல்லமாட்டேன். நீ கை தூக்கினால் மற்றவர்களை எல்லாம் கேட்ட பிறகுதான் உன்னைக் கேட்பேன். அப்போது நீயும் எனக்குத் தெரியாது டீச்சர் என்று சொல்ல வேண்டும்.

அம்மா